அம்சவேணி கீழே இறங்கிய விதம்

வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொல்வதற்காகத்தான் அம்சவேணி அந்த வெள்ளிக்கிழமை கிடங்குக்குப் போனாள். போன இடத்தில் அவள் கால்கள் தரையை விட்டு நாலு விரற்கடை எழும்பிவிட்டதால், சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே திரும்பினாள்.

கரணைப்பேட்டை ஏரிக்கு மேற்கே, ஆறு வழிச் சாலையை ஒட்டி நின்ற அந்தக் கிடங்கை ஊரில் எல்லோரும் வெள்ளைக்கொட்டா என்றுதான் சொன்னார்கள். நாலு மாடி உயரம், பெயருக்கு ஒரு ஜன்னல் கிடையாது, உள்ளே அறுபது வரிசை இரும்பு அடுக்கு. அந்த அடுக்குகளில் குக்கர் வளையத்திலிருந்து கைக்குழந்தை டயப்பர் வரைக்கும், நாய் பிஸ்கட்டிலிருந்து சாமி படத்துக்குப் போடும் பிளாஸ்டிக் மாலை வரைக்கும், முகம் தெரியாத யாரோ எங்கேயோ உட்கார்ந்து போனில் கேட்டதெல்லாம் அடுக்கி வைத்திருந்தது. கழுத்தில் தொங்குகிற ஸ்கேனர் வரிசை எண்ணைக் காட்டும். தள்ளுவண்டியோடு அங்கே நடந்து போய்ப் பொருளை எடுத்தால் அடுத்த எண்ணைக் காட்டும். அங்கே நடந்தால் அதற்கடுத்த எண். இப்படி மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் சிமெண்டுத் தரையில் உட்காராமல் நடக்க வேண்டும். அம்சவேணி அரைநாள் ஆள். அரைநாள் ஆளுக்கு மருத்துவ அட்டை இல்லை, போனஸ் இல்லை, கேண்டீனில் டீகூட அரை டம்ளர்தான்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அதற்கு முன் பதினாலு வருஷம் ஒரு ஷூ கம்பெனியில் நின்றுகொண்டே அட்டை ஒட்டியதில் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. கிடங்கில் முழுநேர வேலை கொடுங்கள் என்று மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். எட்டு மணி நேரம் நிற்க உன் கால் தாங்காது என்று டாக்டர் எழுதியிருக்கிறாரே என்றார்கள். நாலு மணி நேரத்தையும் அந்தக் கால் தாங்கவில்லை என்பதுதான் நிஜம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்க, ஒவ்வொரு படியாக அவள் இறங்குவதை ஊரே பார்த்திருக்கிறது. வாங்கும் கூலியில் பாதி மாத்திரைக்கும் தைலத்துக்கும் போயிற்று.

அவள் புருஷன் ஏகாம்பரம் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவன். அவர்களுக்குத் தர்ஷினி என்று ஒரே பெண் இருந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒன்பதாவது வயதில், ஒரு கார்த்திகை மாதம் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். ஏரிக்கரையை ஒட்டி ஒரு வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் அவளைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து, அந்த வீட்டில் சோறு, தண்ணீர், கரண்ட், மழை எல்லாவற்றையும் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அவளைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், "இன்னியோட நின்னுடறேன்," என்று அம்சவேணி சொன்னாள்.

"நின்னுடு," என்றான் ஏகாம்பரம். "காலப் பாத்துக்கினு வூட்ல இரு."

ஐந்து மணிக்கு சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அவள் ஒரு மணிக்கு உள்ளே போனாள். இரண்டரை மணி இருக்கும், முப்பத்தோராம் வரிசையில் கீழ் அடுக்கிலிருந்து ஒரு இட்லிப் பானையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முழங்காலில் வலி வரவில்லை. வலி வராததுதான் அவளுக்கு முதலில் தெரிந்தது. பக்கத்து வண்டியோடு வந்த மெஹருன்னிசாதான், "வேணிக்கா, உங்க காலு எங்க நிக்குது பாருங்க," என்றாள். குனிந்து பார்த்தால், தரைக்கும் செருப்புக்கும் நடுவே ஒரு எலி நுழைந்து போகிற அளவுக்கு இடைவெளி இருந்தது.

"தரை ஈரமா இருந்தாலும் வழுக்காது," என்றாள் மெஹர் கொஞ்சம் யோசித்துவிட்டு. "நல்லதுதான்." சொல்லிவிட்டுத் தன் ஸ்கேனர் காட்டிய நாற்பத்தி நாலாம் வரிசைக்குப் போய்விட்டாள்.

ஐந்து மணி அடித்ததும் கால்கள் தாமாகவே தரையில் படிந்தன. கேட்டைத் தாண்டியவுடன் வலி திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. அன்று சாயந்திரம் ஏகாம்பரம், "சொல்லிட்டியா?" என்று கேட்டான். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கறேன்," என்றாள் அவள்.

மறுநாளும் எழும்பினாள், அதற்கு மறுநாளும் எழும்பினாள், திங்கட்கிழமை ஒரு சாண், புதன்கிழமை ஒரு முழம். சூப்பர்வைசர் ஜெபராஜ் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், என்ஜினீயரிங் படித்தவன், யாரையும் அதட்டத் தெரியாதவன். வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, கையில் இருந்த அட்டையில் எதையோ குறித்துக்கொண்டு, "அக்கா, ஹெல்மெட் போட்டுக்கிடுங்க, மேல கம்பி இருக்கு," என்று மட்டும் சொன்னான். ஒரு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் டேப்போடு வந்து, அவள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறாள் என்று அளந்துகொண்டு போனார். அதற்கடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்: தரையைத் தொடாமல் பணிபுரியும் ஊழியர்களும் பாதுகாப்பு ஷூ அணிய வேண்டும், இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும், மற்ற ஊழியர்களின் தலைக்கு மேலே நிற்கக் கூடாது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் வேறு. முதல் வாரம் மாரியம்மன் கோயில் பூசாரி வந்து, இது அம்மன் சமாச்சாரமா, காத்துக் கருப்பா என்று பார்ப்பதற்காக அவள் தலையைச் சுற்றி எலுமிச்சம்பழத்தை வெட்டிப் போட்டார். பழம் சாதாரணமாகத் தரையில் விழுந்ததால் இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ரேஷன் கடையில் அவளை வரிசையில் முன்னால் விட்டார்கள், அப்புறம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் சுட்டிக் காட்டினார்கள், அப்புறம் அவளும் எல்லோரையும் போல நின்றாள். கீழத்தெருவில் ஒரு பெண் முருங்கைக்காய் பறித்துத் தரச் சொல்லி அழைத்துக்கொண்டு போனாள். வெளியே அவள் எழும்புவதில்லை, கிடங்குக்குள்ளே மட்டும்தான் என்று தெரிந்ததும், "அங்க மட்டும்னா நமக்கு இன்னா பிரயோஜனம்," என்று சலித்துக்கொண்டு காபி கொடுத்து அனுப்பினாள். இரண்டு மாதத்தில் அது ஒருத்திக்குச் சர்க்கரை, இன்னொருத்திக்கு மூட்டுவலி என்பது போல ஆகிவிட்டது. வேணிக்கு மிதப்பு, என்றார்கள்.

அவளுக்கோ, வாழ்க்கையில் நினைத்துப் பார்த்திராத சுகமாக இருந்தது. வரிசை வரிசையாகக் காற்றில் கால் வைத்துப் போவாள், முழங்கால் என்று ஒன்று தனக்கு உண்டு என்பதே மறந்துபோகும். ஆடி பிறந்தபோது மூன்றாவது அடுக்குவரை எழும்பினாள், ஆவணியில் ஐந்தாவது அடுக்கு. புரட்டாசியில் கூரைத் தகரத்துக்குக் கீழே, புறாக்கள் உட்காரும் இடத்தில் நின்று, காற்றுப் போக விட்டிருந்த சந்து வழியாக ஏரியையும், கரையையும், கரையோரம் வேப்பங்கன்றையும் பார்த்தாள். முதல் நாள் அந்தக் கன்றைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. அன்று அவள் கயிறு ஒரு முழம் தளர்ந்ததாக, கீழே அதைப் பிடித்துக்கொண்டிருந்த மெஹர் சொன்னாள்.

இறங்குவதுதான் கஷ்டம். ஒரு சாண் உயரத்தில் இருந்தவரை ஐந்து மணி அடித்தால் தானாகவே இறங்கினாள். உயரம் ஏற ஏற, மணி அடித்த பிறகும் மேலேயே நின்றாள். மெஹர் கயிற்றைப் பிடித்து இழுத்தால் கொஞ்சம் வந்து, விட்டால் திரும்பவும் மேலே போனாள். ஒரு நாள் அப்படி நிற்கும்போது, அய்யோ மாவு ஆட்ட அரிசி ஊறப்போடாமல் வந்துவிட்டோமே என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் ஒரு அடுக்கு கீழே இறங்கினாள். அப்படித்தான் அவளுக்கு வழி தெரிந்தது.

கனமான எதையாவது நினைத்தால் உடம்பு கனத்தது. அரிசி நாலு நாளைக்கு உதவியது, பிறகு உதவவில்லை. அப்புறம், ஷூ கம்பெனியில் ஒரே நாளில் அறுபது பேரை வாசலோடு திருப்பி அனுப்பியதை நினைத்தாள், அது பத்து நாள் வந்தது. உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று கூடப்பிறந்த அண்ணன் சொன்ன சொல்லை நினைத்தாள், அது ஆடி முழுக்க வந்தது. கடைசியில் தேய்ந்த சோப்பு மாதிரி கையில் நிற்காமல் போனது. அண்ணனை நினைத்தால் இப்போது ஏதோ பஸ்ஸில் பார்த்த ஆளை நினைப்பது போல இருந்தது. அதில் அவளுக்கு நிம்மதிதான்.

ஆவணியில் ஒரு நாள், வேறு எதுவும் மிச்சமில்லாமல், தர்ஷினியை நினைத்தாள்.

கல் போல இறங்கினாள். பாதம் தரையில் மோதிய சத்தத்துக்கு நாலாம் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நினைக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு நாளைக்குப் பிறந்தநாளுக்கென்று தைத்துப் போடாமலே போன அந்த ஊதா கவுன். இன்னொரு நாளைக்கு, ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்துவிட்டு, "எனக்குப் பின்னாடி ஆளே இல்ல தெரியுமா," என்று அவள் பெருமையாகச் சொன்னது. பல் விழுந்த வாய். பேன் பார்க்க மடியில் தலை வைத்துப் படுத்தபடியே தூங்கிப்போகிற பழக்கம். ஒவ்வொன்றும் அவளைப் பக்குவமாகக் கீழே இறக்கிவிட்டது, ஒவ்வொன்றும் ஏழெட்டு நாளில் தேய்ந்தது. தேய்ந்தாலும் மறந்துபோகவில்லை. கவுன் ஊதா நிறம் என்பது ஞாபகம் இருந்தது. அது வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்படி இறங்குவதற்கு அரைமணி, முக்கால் மணி ஆகும். ஸ்கேனர் ஐந்து மணிக்கே அணைந்துவிடுவதால் இறங்குகிற நேரம் வேலை நேரத்தில் சேராது. கேட்டில் காவலாளி ஐந்து என்றுதான் எழுதினார்.

மேல் அடுக்குகளில் இருந்து சாமான் எடுப்பதற்கென்றே அந்தக் கிடங்கில் சக்கரம் வைத்த ஏணியோடு ஒருவர் இருந்தார். முனிரத்தினம் என்று பெயர், கரணைப்பேட்டைக்காரர்தான், ஐம்பது தாண்டியவர். புரட்டாசி கடைசியில் அவரை நாளைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஏணியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அம்சவேணிக்கு அது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த அன்று தன் வருத்தத்தைப் பார்த்தாள். அது அவளை ஒரு அடுக்கு இறக்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கு வந்தார். ஏகாம்பரம் வேலைக்குப் போயிருந்தான். அவள் நாற்காலியை எடுத்துப் போட்டாள், அவர் உட்காரவில்லை.

"ஒன்னத் திட்டலாம்னுதாம்மா வந்தேன்," என்றார். "வழியெல்லாம் இன்னா திட்டறதுன்னு யோசிச்சுக்கினே வந்தேன். இங்க வந்து ஒன் மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் வரல."

"திட்டுண்ணா. நான் வேணும்னு பண்ணல. ஆனா திட்டு."

"தண்ணி கேன் போடற வண்டில போய்க்கினு இருக்கேன். முதுகு போவுது, வேற ஒண்ணுமில்ல." அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கட்டுமா? நான் அங்க எட்டு வருஷம் மேல ஏறி எறங்கினவன். மேல போறத எல்லாரும் சொல்றாங்க. நீ எப்படிம்மா எறங்கற?"

யாரும் அவளை அதைக் கேட்டதில்லை. மெஹர் கேட்டதில்லை, ஜெபராஜ் கேட்டதில்லை, டேப் வைத்து அளந்தவர் கேட்டதில்லை. அம்சவேணி அவருக்குச் சொன்னாள். அரிசியிலிருந்து ஆரம்பித்து, அண்ணனைச் சொல்லி, கவுனைச் சொல்லி, பல்லைச் சொல்லி, கறிகாய் விலை சொல்வது போல ஒரே குரலில் சொல்லி முடித்தாள். முனிரத்தினம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பன்னெண்டு படிம்மா," என்றார் கடைசியில். "எறங்கறதுக்கு நான் எதையும் நெனைக்க வேண்டியிருந்ததில்ல."

அவர் போன பிறகு அம்சவேணி தான் சொன்னதை எண்ணிப் பார்த்தாள். செத்துப்போன பெண்ணைப் பற்றிக் கால் மணி நேரம் பேசியிருக்கிறாள், குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. முனிரத்தினத்தின் கண்தான் கலங்கியிருந்தது.

மெஹரிடம் கேட்டாள், "நின்னுடலாமான்னு பாக்கறேன் மெஹர்."

"ஏன்க்கா? கால் வலிக்குதா?"

"இல்ல."

"மனசு வலிக்குதா?"

"அதுவும் இல்ல."

"பெறவு ஏன்க்கா?" என்றாள் மெஹர், நிஜமாகவே புரியாமல். "இந்தக் கொட்டாவுல எதுவுமே வலிக்காத ஒரே ஆளு நீங்கதான்."

வலி இல்லாமல் இருப்பதற்காக ஜனங்கள் எத்தனை டாக்டரிடம் போகிறார்கள், எத்தனை கோயிலில் நிற்கிறார்கள். அது சும்மா கிடைக்கிறதை ஒருத்தி வேண்டாம் என்று சொன்னால், அவளைப் பைத்தியம் என்றுதானே சொல்வார்கள்? வேலையை விட்டால் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் நிற்பது? ஐப்பசி மழையில் தகரம் அதிர அதிர, கூரைக்குக் கீழே நின்று அவள் இதையேதான் புரட்டிப் புரட்டி யோசித்தாள், யோசிப்பதற்குள் ஸ்கேனர் அடுத்த எண்ணைக் காட்டியது.

கார்த்திகை பிறந்ததும் ஜெபராஜ் ஓடி வந்தான். "அக்கா, ஓகே ஆயிட்டு! உங்கள நிரந்தரம் பண்ணச் சொல்லிட்டாவ. முழுநேரம், மருத்துவ அட்டை, போனஸ், எல்லாம் உண்டு. டாக்டர் சர்ட்டிபிகேட்டும் வேண்டாம், நீங்கதான் நிக்கவே இல்லியே. வியாழக்கிழமை சாயங்காலம் பேப்பர் வரும், கையெழுத்துப் போட்டாப் போதும்." அவன் முகத்தில் தன் வீட்டு ஆளுக்கு வேலை கிடைத்த சந்தோஷம் இருந்தது. அம்சவேணிக்கும் சந்தோஷம் வந்தது; அன்று இறங்குவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

புதன்கிழமை சாயந்திரம் வீட்டில் அவள் ஏகாம்பரத்திடம் அதைச் சொன்னாள். அவன் கையில் இருந்த கம்பித் தூசியைக் கழுவிக்கொண்டே கேட்டான். "நாளைக்கேவா கையெழுத்து?" என்றான்.

"ஆமா."

"நாளைக்கு இன்னா நாள்னு தெரியுமா?"

அவள் யோசித்தாள். வியாழக்கிழமை என்றாள். அவன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். அப்போதுதான் அவளுக்குத் தேதி ஞாபகம் வந்தது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக மறந்திருக்கிறாள்.

காலையில் பாலும் பூவும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார்கள். கன்று இப்போது மரமாகியிருந்தது. ஏகாம்பரம் குனிந்து பாலை ஊற்றினான், பாதி அவன் காலிலேயே கொட்டியது. அம்சவேணி நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் வலித்தது. தூரத்தில் ஆடு மேய்ந்தது, மொத்தம் பதினொன்று என்று எண்ணினாள். யார் வீட்டுக் குழந்தையோ இது, பாவம், நேரத்தோடு கிளம்பினால் ஒரு மணிக்குள் போய்விடலாம், என்று ஒரு நினைப்பு மனசுக்குள் ஓடியது. அந்த நினைப்பு தன்னுடையதுதான் என்று தெரிந்த கணத்தில், அவளுக்குப் பயம் வந்தது.

பயத்தோடுதான் அன்று வேலைக்குப் போனாள். எப்போதையும்விடச் சீக்கிரம் மேலே போனாள். முதுகு தகரத்தில் உரச, வெயிலில் தகரம் சுட, ஸ்கேனர் காட்டியதையெல்லாம் எடுத்துக் கீழே கூடையில் இறக்கினாள். மணி ஐந்து அடித்தது. ஸ்கேனர் அணைந்தது. கீழே ஜெபராஜ் கையில் காகிதத்தோடு நின்றான்.

"எறங்குங்கக்கா, பேப்பர் வந்தாச்சு!"

அவள் கவுனை நினைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. பல்லை நினைத்தாள். பேன் பார்த்ததை நினைத்தாள், கடைசியில் தூக்கிக்கொண்டு போகையில் துணிக்கு வெளியே தெரிந்த பாதத்தை நினைத்தாள். ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதை அவள் இதுவரை தொட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மத்தியானம் தர்ஷினி கண்ணைத் திறந்து, "அம்மா, வூட்டுக்குப் போலாம்," என்றாள். மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை அம்சவேணி, தூக்கமில்லாத எரிச்சலில், "சும்மா படு தர்ஷு, உயிர வாங்காத," என்றாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. ஐந்து வருஷமாக நெஞ்சுக்குள் அது இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, தேயாமல், ஆறாமல், தொட்டால் ரத்தம் வருகிற மாதிரி.

அதை நினைத்தால் இறங்கிவிடலாம். இன்றைக்கு இறங்கலாம், நாளைக்கு இறங்கலாம், முழுநேரம் என்றால் இன்னும் கனம் தேவைப்படும், ஒரு வாரம் வரும், அதிகம் போனால் இரண்டு வாரம். பிறகு அதுவும் யாரோ சொன்ன சேதி ஆகிவிடும். பிறகு தர்ஷினி என்று ஒருத்தி இருந்தாள், காய்ச்சலில் போனாள், அவ்வளவுதான். நெஞ்சின் விளிம்பு வரைக்கும் வந்த அந்த நினைப்பை அம்சவேணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே தள்ளினாள்.

"என்னால எறங்க முடியாது!" என்று மேலிருந்து கத்தினாள். "கயித்த இழுங்க!"

மெஹர் இழுத்தாள். போதவில்லை. எட்டு பெண்கள் வந்து பிடித்தார்கள். அம்சவேணி தலைகீழாகத் திரும்பி, அடுக்கின் இரும்புக் கம்பியைப் பிடித்து, ஒரு கை மாற்றி ஒரு கை, ஒவ்வொரு அடுக்காகத் தன்னைத்தானே கீழே இழுத்துக்கொண்டு வந்தாள். விட்டால் மேலே போய்விடும் உடம்பு, தண்ணீருக்குள் அமுக்கிய குடம் மாதிரி திமிறியது. உள்ளங்கை கிழிந்தது. ஹெல்மெட் கழன்று தரையில் விழுந்து உருண்டது. கடைசி அடுக்கில் மெஹர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள், மற்றவர்கள் இடுப்பையும் கையையும் பிடித்துக்கொண்டார்கள், அவளைத் தரையோடு தரையாக அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்கள்.

ஜெபராஜ் காகிதத்தோடு பின்னாலேயே வந்தான். "அக்கா, கையெழுத்து…"

"அதுல எறங்கற நேரம் எழுதியிருக்கா தம்பி?"

அவன் புரட்டிப் பார்த்தான். நேர்மையான பையன், முழுதும் பார்த்தான். "இல்லக்கா. அத அவங்களுக்கு எப்படி எழுதணும்னே தெரியாது."

"நான் நின்னுக்கறேன். நாளையிலேர்ந்து வரல."

"இதத்தானக்கா மூணு தடவ கேட்டீங்க? இனிமே வேற யாருக்கும் கெடைக்காது. யோசிச்சுச் சொல்லுங்க, நான் திங்கக்கிழமை வரைக்கும் வச்சிருக்கேன்."

"வச்சிருக்காத," என்றாள் அம்சவேணி. "வச்சிருந்தா வந்துடுவேன்."

கேட்டைத் தாண்டி ஒரு அடி வைத்ததும் ஐந்து மாதத்துக் கனமும் ஒரேயடியாக முழங்காலில் இறங்கியது. ஜல்லி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிடித்து வந்த பெண்கள் கையைத் தேய்த்துக்கொண்டு அவரவர் பஸ்ஸைப் பார்த்துப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். கிடங்கில் புது ஏணி வாங்கினார்கள், அதில் ஏற வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். முனிரத்தினம் தண்ணி கேன் வண்டியிலேயே போனார். அம்சவேணி ஓட்டல்களுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுக்கிற வேலையை வீட்டில் உட்கார்ந்து செய்தாள், கிடங்கில் கிடைத்ததைவிட அது குறைவு. தை மாதம் ஒரு நாள் மெஹர் வந்து, தன் குதிகால் இரண்டு நாளாகத் தரையில் படுவதில்லை என்றாள். அம்சவேணி எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னாள், இறங்குகிற விதத்தையும் சொன்னாள், மிச்சமில்லாமல் சொன்னாள். மெஹர் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

அதெல்லாம் பிற்பாடு. அந்த வியாழக்கிழமை, பஸ்ஸில் அவள் வராததைப் பார்த்துவிட்டு ஏகாம்பரம் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். ஜல்லியிலிருந்து அவளைத் தூக்கி நிறுத்தினான், கிழிந்த உள்ளங்கையைப் பார்த்தான், கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினான். பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாகவே போனான்.

பாதிக் கரையில் அவள், "வண்டிய நிறுத்துங்க," என்றாள்.

நிறுத்தினான். இறங்காமலே, அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தபடி, ஐந்து வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள். மூன்று தடவை குழந்தை கேட்டதையும், மூன்றாவது தடவை தான் சொன்ன வார்த்தையையும் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது, பாதியில் நின்றது, திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஏகாம்பரம் திரும்பிப் பார்க்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்டயும் கேட்டா," என்றான். "நீ மாத்திர வாங்கப் போனியே, அப்ப."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சரி, போலாம்னு சொன்னேன். ஆட்டோ பாக்கக் கீழ போனேன். கேட்டாண்ட ஒரு ஆளு நின்னுக்கினு இருந்தான், பேசினேன், வர்றேன்னான். மேல வந்து பாத்தா நீ தலயில அடிச்சுக்கினு நிக்கற. அந்தாளுக்குப் போய்ச் சொல்லணும்னே எனக்குத் தோணல. சாயந்திரம் வெளிய வரேன், அப்பவும் நின்னுக்கினு இருக்கான். சீட்டு மேல துண்ட விரிச்சு வச்சிருந்தான். கொழந்த படுத்துக்கினு வரட்டும்னு."

அம்சவேணி வண்டியிலிருந்து இறங்கி, ஈரம் காயாத கரை மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அவன் வண்டிக்கு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.